என் கால் மேல வச்ச நேர்த்திக்கடன்

அதான் சரியாயிருச்சேன்னு எங்கிட்டச் சொல்லாத ஆளு எங்க தெருவுல ஒருத்தர்கூடக் கிடையாது. பால்காரர் சொன்னாரு. இஸ்திரி வண்டிக்காரர் சொன்னாரு. எதிர்வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவர் மேல கையை வச்சுக்கிட்டு, என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, “நல்லாத்தான இருக்க” அப்படின்னாவ. நல்லாத்தான் இருந்தேன், பார்க்கிறதுக்கு. காய்ச்சல்ல உருகின உடம்புல சதை திரும்பியிருந்துச்சு. ரத்தப் பரிசோதனைக் காகிதத்துல எல்லாம் இருக்க வேண்டிய அளவுல இருந்துச்சு. என்னால மட்டும் ஒரு குடம் தண்ணியைத் தூக்கி இடுப்புல வைக்க முடியல.

வந்தது டெங்கு. ஆடி கடைசியில வந்து, ராஜபாளையத்துல ஒரு ஆஸ்பத்திரியில எட்டு நாள் படுக்க வச்சுட்டுப் போயிருச்சு. காய்ச்சலைப் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்தா ஊரே பக்கத்துல வந்து நிக்கும். சாத்துக்குடி வரும், ரொட்டி வரும், பப்பாளி இலையை இடிச்சுச் சாறு கொண்டாந்து மூக்கைப் பிடிச்சு ஊத்துவாவ. காய்ச்சல் போன பொறவு வந்துச்சு பாருங்க ஒரு சோர்வு, அதுக்குத்தான் ஒருத்தரும் வரல. காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வைக்கலாம். வலின்னா இந்தா இங்கனன்னு தொட்டுக் காட்டலாம். சோர்வு எங்க இருக்குன்னு கேட்டா நான் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவேன்?

தலைக்குக் குளிச்சா முடியைத் துவட்ட ரெண்டு தவணை ஆகும். பாதி துவட்டிட்டுக் கட்டில்ல உட்கார்ந்து கையை மடியில போட்டுக்கிடணும். வெங்காயம் உரிச்சா நாலாவது வெங்காயத்துல கண்ணு சொக்கும். கிரைண்டர் கல்லைத் தூக்கி மாவை வழிக்க முடியாம, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னேன். அவரு லோடு ஆட்டோ ஓட்டுறவரு, பஞ்சு மூட்டை ஏத்தி இறக்குற கை. ஒத்தக் கையால கல்லைத் தூக்கி வச்சுட்டு என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதுல பாவமும் இருந்துச்சு, சந்தேகமும் இருந்துச்சு. பாவத்தை நான் பொறுத்துக்கிட்டேன்.

பதினெட்டு வருஷமா ராஜபாளையம் மில்லுல ஸ்பின்னிங்ல வேலை பார்க்கிறவ நான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து விடியக்காலையில வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போகும். எங்க வேலையை ஒரு வரியில சொன்னா, நடக்கிறது. நூல் நூற்கிற மிஷின் ஒவ்வொண்ணும் ஒரு தெரு நீளம் இருக்கும். ரெண்டு மிஷினுக்கு நடுவுல ஒரு சந்து. அந்தச் சந்துல நடந்துக்கிட்டே இருக்கணும். எங்க நூல் அறுந்திருக்கோ அங்க நின்னு, ஒரு நொடியில ஒட்டிவிட்டுட்டு, அடுத்ததுக்கு நடக்கணும். மேல மாட்டியிருக்கிற பஞ்சுக் கண்டு தீர்ந்துபோனா தலைக்கு மேல கையைத் தூக்கிப் புதுசு மாட்டணும். எட்டு மணி நேரத்துல உட்கார்றது சாப்பாட்டுக்கு மட்டுந்தான். சந்துல நாற்காலி கிடையாது, ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தா நூல் அறுந்துக்கிட்டே போகும்.

அப்படிப்பட்ட வேலைக்கு நான் ஆவணியிலயே திரும்பிப் போனேன். அது நான் பண்ணின தப்பு. ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருந்துச்சா, அந்தக் காகிதத்தை நம்பி வேன் ஏறிட்டேன். ஏழு மணி வரைக்கும் ஒண்ணும் தெரியல. எட்டு மணிக்குக் கையைத் தலைக்கு மேல தூக்குனா, கை பாதியில நின்னு கீழ இறங்குது. ஒன்பது மணிக்கு நான் சந்துக்கு நடுவுல தரையில உட்கார்ந்திருந்தேன். மயக்கம் இல்ல, கண்ணு நல்லாத் தெரிஞ்சுது. எந்திரிக்கணும்னு நினைக்கேன், காலு கேட்கல. ரெண்டு பக்கமும் நூல் ஒண்ணொண்ணா அறுந்து, பஞ்சு பறந்து வந்து என் தலையில விழுந்துச்சு. பக்கத்து மிஷின்ல வேலை பார்க்கிற பிள்ளை, வீட்ல தெலுங்கு பேசுறவ, ஓடிவந்து என் தோளை அமுக்கி, “கூச்சோ அக்கா, கூச்சோ”ன்னா. உட்காருன்னு அர்த்தம். உட்கார்ந்துதான்ட்டி இருக்கேன், வேற என்ன பண்றேன்னு கேட்கக்கூட எனக்குத் தெம்பில்ல.

சூப்பர்வைசர் என்னைவிட வயசுல சின்னவரு. கெட்ட மனுஷன் இல்ல. “அக்கா, நாலு வாரம் லீவு எழுதித் தாரேன். அதுக்கு அடுத்து வர்ற திங்கக்கிழமை வாங்க. அன்னைக்கு முழு ஷிப்டும் மிஷினை ஓட்டிட்டீங்கன்னா உங்க மிஷின் உங்களுக்கு. முடியலன்னா நான் வேற ஆளு போடணும். நீங்க வேஸ்ட் பொறுக்கிற எடத்துக்குப் போயிருங்க” அப்படின்னாரு. வேஸ்ட் பொறுக்கிறதுன்னா, மிஷின்ல இருந்து விழுற கழிவுப் பஞ்சை மூலையில உட்கார்ந்து தரம் பிரிக்கிறது. அது தாழ்ந்த வேலைன்னு நான் சொல்லல. ஆனா அங்க போனவ யாரும் திரும்பி மிஷினுக்கு வந்ததை நான் பார்த்ததில்ல. பதினெட்டு வருஷம் நடந்து சம்பாதிச்ச சந்து அது. காய்ச்சல் கேட்டுச்சுன்னு நான் அதைத் தூக்கிக் கொடுக்கணுமா? கொடுக்க மாட்டேன்னு அன்னைக்கு வேன்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன்.

டாக்டரம்மாகிட்டப் போனேன். கிருமி போயிருச்சு, உடம்பு அதோட மல்லுக்கட்டி அசந்து போயிருக்கு, தேற வாரக்கணக்கும் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம், முக்கித் தள்ளாதீங்கன்னு சொன்னாவ. இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. சோர்வு உண்மைதான்னு ஒரு ஆளு வாயால கேட்டது அதுதான் முதல் தடவை.

பொறவு வீட்ல இருந்து என் உடம்பை நானே கவனிக்க ஆரம்பிச்சேன். முதல் வாரத்துல ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. ஒருநாள் தெம்பா இருக்கேன்னு போர்வை எல்லாம் அலசிப் போட்டுட்டு மார்க்கெட்டுக்கும் நடந்து போயிட்டு வந்தேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகல. மறுநாளும் ஒண்ணும் ஆகல, கெத்தாத்தான் இருந்தேன். அதுக்கு மறுநாள் என்னால பல்லு விளக்க முடியல. இன்னொரு தடவையும் அப்படியே ஆச்சு. செஞ்ச அன்னைக்கு விட்டுட்டு, ஒருநாள் கழிச்சு வந்து அடிக்குது இந்தச் சோர்வு. இது தெரிஞ்சதும் எனக்குப் பாதி பயம் போயிருச்சு. எப்ப வரும்னு தெரிஞ்ச சனியனைச் சமாளிச்சுக்கிடலாம்.

அன்னையில இருந்து நான் நடக்கப் பழகினேன். நாற்பத்தாறு வயசுல, தெருவுல, பச்சைப்பிள்ளை மாதிரி. முதல் நாள் எங்க வீட்ல இருந்து மூணாவது கரண்டு போஸ்ட் மரம் வரைக்கும். ரெண்டு நாள் விட்டு அஞ்சாவது போஸ்ட் மரம். அப்படியே ஆண்டாள் கோயில் தேர் நிக்கிற இடம் வரைக்கும் போயிட்டேன். போற வழியில எங்க முடியலையோ அங்க உட்கார்ந்தேன். கடை வாசல்ல உட்கார்ந்தேன், பால்கோவா கடை பெஞ்சுல உட்கார்ந்தேன். கேட்டவங்ககிட்ட எல்லாம், முடியல, உட்கார்ந்திருக்கேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஏன் மறைக்கணும்? நானா போய்த் திருடிட்டு வந்தேன்?

அப்பத்தான் வன்னியம்பட்டியில இருந்து எங்க மதினி வந்தாவ.

மதினின்னா எங்க வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. நான் ஆஸ்பத்திரியில கிடந்த எட்டு நாளும் என்கூட இருந்து மூத்திரப் பாத்திரம் வரைக்கும் எடுத்தவிய. அதை நான் மறக்கல. அங்கதான் அந்தக் காரியமும் நடந்துச்சு. அஞ்சாவது நாளு, கையில டிரிப்ஸ் ஏறுது, நான் கண்ணை மூடிக் கிடக்கேன், தூங்கல. மதினி ஒரு மஞ்சத் துணியில ஒத்த ரூபாயை முடிஞ்சு என் நெத்தியில ஒத்தி எடுத்தாவ. “மலைப்பெருமாளே, இவளை எழுப்பி உட்கார வச்சிரு. மூணாம் புரட்டாசிச் சனிக்கிழமை இவ தன் காலால உன் படியேறி வந்து இந்த முடிச்சை உன் உண்டியல்ல போடுவா” அப்படின்னு வேண்டிக்கிட்டாவ.

மலைப்பெருமாள்னா எங்க ஊருப் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலை. வெளியூர்க்காரவங்க நினைக்கிற பெரிய ஊரு இல்ல, இது வேற. சின்ன மலை, மேல பெருமாள் நிக்காரு. புரட்டாசிச் சனிக்கிழமைன்னா சுத்துப்பட்டு ஊரே அங்கதான் இருக்கும். எனக்கும் பெருமாள்னா உசுருதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. மதினி தன் முடியைத் தாரேன்னு வேண்டியிருக்கலாம். தான் படியேறுறேன்னு வேண்டியிருக்கலாம். ரெண்டும் இல்லாம என் காலை எடுத்துச் சாமிக்கு வாக்குக் கொடுத்துட்டாவ. எங்க பக்கத்துல இது வழக்கந்தான். படுத்துக் கிடக்கிறவளுக்காக நிக்கிறவங்க வேண்டிக்கிடுவாவ, எந்திரிச்ச பொறவு அதைச் செலுத்த வேண்டியது படுத்துக் கிடந்தவ பொறுப்பு. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு யாருக்கும் தோணாது.

வந்ததும் மதினி ஆரம்பிச்சாவ. “வர்ற சனிக்கிழமைட்டி. தம்பிகிட்ட வண்டி எடுக்கச் சொல்லிட்டேன். காலையில வெள்ளன ஏறிட்டா வெயில் தெரியாது.”

நான் காலண்டரைப் பார்த்தேன். வர்ற சனிக்கிழமை மூணாம் சனி. அதுக்கு அடுத்த திங்கக்கிழமைதான் சூப்பர்வைசர் சொன்ன திங்கக்கிழமை. சனிக்கிழமை படியேறினா, ஒருநாள் கழிச்சு, கரெக்டா திங்கக்கிழமை காலையில என்னால பல்லு விளக்க முடியாது. மிஷின் போயிரும்.

“நான் ஏறல மதினி.”

“என்னது?”

“ஏறல. ஏறினா திங்கக்கிழமை என்னால மில்லுல நிக்க முடியாது.”

மதினி என்னை வேத்து ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாவ. “தெருத்தெருவா நடக்கியாம்ல. கேள்விப்பட்டேன். அதுக்கு முடியுது, சாமிக்கு முடியலையோ?”

“நடந்து பழகுறதே அந்தத் திங்கக்கிழமைக்குத்தான்.”

“பெருமாள் எழுப்பி உட்கார வச்ச உடம்புட்டி இது. சாமி குத்தம் ஆயிரும். அதான் எல்லாம் சரியாயிருச்சே, பொறவு என்ன நோவு ஒனக்கு? படுத்துப் படுத்துச் சொகம் கண்டுட்ட.”

எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு கோபம். ஏன்னா சொன்னது யாரு தெரியுமா? கொரோனா வந்து போன பொறவு எங்க வீட்ல வந்து மூணு மாசம் படுத்துக் கிடந்தவிய. அப்ப நான் ஷிப்டு முடிஞ்சு வந்தா மதினி பாயில கிடப்பாவ, கதவு சாத்தியிருக்கும், ஜன்னல் வழியாத் தெரியும். என் காலடிச் சத்தம் கேட்டதும் வெடுக்குன்னு எந்திரிச்சு விளக்குமாத்தைக் கையில எடுத்துக்கிடுவாவ, காலையில இருந்து கூட்டிக்கிட்டே இருந்த மாதிரி. வேன்ல நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். எங்க மதினிக்கு விளக்குமாத்தைப் பிடிக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாதுன்னு. அப்பேர்ப்பட்டவிய என்னைச் சொல்லுதாவ, படுத்துச் சொகம் கண்டுட்டன்னு.

“வேண்டினது நீங்க. ஏறுறது மட்டும் என் காலா?” அப்படின்னேன்.

எங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னு செருப்பை மாட்டுறாரு, கழட்டுறாரு, மாட்டுறாரு. அக்கா பக்கம் பேசினா நான் விட மாட்டேன், என் பக்கம் பேசினா அக்கா விட மாட்டாவ. “சரி, சனிக்கிழமை மலையடிவாரம் வரைக்கும் போவோம், பொறவு பார்த்துக்கிடலாம்” அப்படின்னாரு. ஆம்பளைங்க எல்லாச் சண்டையையும் இப்படித்தான் அடிவாரம் வரைக்கும் கொண்டுவந்து விடுவாங்க.

அந்த நாலு நாளும் நான் நிம்மதியா இருந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். பயந்தேன். மதினி கொண்டாந்த மஞ்சள் முடிச்சு எங்க வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால இருந்துச்சு. விளக்கேத்தும்போது அதைப் பார்க்காம விளக்கை மட்டும் பார்த்தேன். தெருவுல எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. எதிர்வீட்டு அக்கா, சும்மா ரெண்டு படி ஏறி எறங்கிட்டா சாமிக்குத் தெரியவா போகுதுன்னு எனக்கு ஒரு வழி சொன்னாவ. எனக்கு அது ரொம்ப மோசமாத் தெரிஞ்சுது. ஏறலன்னா ஏறலன்னு சொல்லணும். பெருமாளை ஏமாத்த நான் என்ன அம்புட்டுப் பெரிய ஆளா?

சனிக்கிழமை வெள்ளன கிளம்பினோம். லோடு ஆட்டோவுல முன்னால மூணு பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். அடிவாரத்துல கால் வைக்க இடமில்ல. மொட்டை போட்ட பிள்ளைங்க தலையில சந்தனம், துளசி மாலை விக்கிறவங்க, மைக்குல பிள்ளை காணோம்னு அறிவிப்பு. மேல போற படியில கூட்டம் மெதுவா ஊர்ந்துக்கிட்டிருந்துச்சு. படிக்கு முன்னால நான் நின்னு, கையைத் தூக்கிக் கும்பிட்டேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், பக்கத்துல இருந்தவங்களுக்கும் கேட்டிருக்கும். “பெருமாளே, இந்த முடிச்சு நான் முடிஞ்சது இல்ல. என் காலை நான் உனக்குத் தாரேன்னு சொல்லல. திங்கக்கிழமை எனக்கு அந்தக் கால் வேணும். உடம்பு தேறட்டும், எனக்கா தோணுச்சுன்னா நானா வாரேன். அப்ப வர்றது என் வேண்டுதலா இருக்கும். இப்ப நான் ஏறல.”

சொல்லிட்டு, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கல்லு கிடந்துச்சு, அதுல போய் உட்கார்ந்துட்டேன்.

மதினி பின்னாலயே வந்தாவ. திட்டுவாவன்னு நினைச்சேன். அங்க கூடியிருந்த ரெண்டு மூணு பொம்பளைங்களும் அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி நின்னாங்க. ஒருத்தி, கையில பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நாங்கள்லாம் ஏறலையான்னு எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிட்டுப் போனா. போ தாயி, நல்லா ஏறுன்னு நானும் சொன்னேன்.

“சரி மதினி” அப்படின்னேன். “சாமி குத்தம்னு பயமா இருந்தா நீங்க ஏறிட்டு வாங்க. வேண்டினவியளே ஏறினா சாமி வேண்டாம்னா சொல்லும்? நான் இங்கன உட்கார்ந்திருக்கேன், போங்க.”

மதினி படியைப் பார்த்தாவ. பொறவு என் பக்கத்துல, அதே கல்லுல, சேலையை ஒதுக்கிக்கிட்டு உட்கார்ந்தாவ.

“என்னால ஏற முடியும்னா நானே ஏறுறேன்னு வேண்டியிருக்க மாட்டேனாட்டி” அப்படின்னாவ.

எனக்குப் புரியல. முழங்கால் வலியான்னு கேட்டேன்.

“வலி எல்லாம் ஒண்ணுமில்ல. அந்தக் கொரோனாவுக்குப் பொறவு என் உடம்பு என் பேச்சைக் கேட்கல. வீட்ல நாலு பாத்திரம் கழுவினா படுக்கணும். தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா மறுநா இல்ல, அதுக்கு மறுநா எந்திரிக்க முடியல. இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது.”

அதுக்கு மறுநாள். நான் ஒரு மாசமாத் தனியாக் கண்டுபிடிச்சதா நினைச்சு மார் தட்டிக்கிட்டிருந்த அதே கணக்கு. மதினிக்கு அது வருஷக்கணக்காத் தெரிஞ்சிருக்கு.

“ஏன் மதினி யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னேனே. மொதல்ல ஒங்கிட்டத்தான் சொன்னேன். ஒன் வீட்ல வந்து கிடந்தப்போ. மேலுக்கு ஒரு மாதிரி அசதியா இருக்குட்டின்னு. நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்துச்சு. அந்த நேரம் வரைக்கும் இல்ல, கேட்டதும் வந்துருச்சு. மில்லுல இருந்து வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கிட்டே, திரும்பிக்கூடப் பார்க்காம, அதான் சரியாயிருச்சே மதினி, எந்திரிச்சு நாலு வேலை பாருங்க, எல்லாம் ஓடிப்போயிரும்னு சொன்னேன். அன்னையில இருந்துதான் அவிய விளக்குமாத்தைக் கையில எடுத்திருக்காவ. நான் வேன்ல சொல்லிச் சிரிச்சது அதைத்தான்.

எனக்கு அவமானமா இருந்துச்சு. இந்த ஒன்றரை மாசமா ஊரைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, அந்த ஊருல முதல் ஆளு நானா இருந்திருக்கேன். “நான் சொன்னது தப்பு மதினி” அப்படின்னேன்.

“போட்டும் விடு. நீ எந்திரிச்சு இந்தப் படியேறிட்டன்னா, எனக்கும் ஒருநாள் அப்படிச் சரியாயிரும்னு ஒரு நினைப்பு. அதான் ஒன் காலை வச்சு வேண்டிக்கிட்டேன். அதான் ஒன்னைப் பிடிச்சுத் தள்ளினேன்” அப்படின்னாவ.

ரெண்டு பேரும் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கிட்டிருந்தோம். எங்க வீட்டுக்காரர் மூணு பேருக்கும் துளசி மாலை வாங்கிக்கிட்டு வந்து, நாங்க ரெண்டு பேரும் ஒரே கல்லுல சண்டையில்லாம உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து மிரண்டு போயிட்டாரு. மதினி இடுப்புல செருகியிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து அவரு கையில வச்சாவ. “ஏலே தம்பி, நீ ஏறு.”

“நானா? நான் வேண்டவே இல்லையே.”

“நானும் வேண்டலங்க. அதனால என்ன, போயிட்டு வாங்க” அப்படின்னேன் நான்.

பஞ்சு மூட்டை தூக்குற மனுஷன், வியர்க்க விறுவிறுக்க ஏறிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாரு. உண்டியல்ல போட்டாச்சு, நல்ல தரிசனம்னாரு. வண்டியில வரும்போது எங்க ரெண்டு பேருக்கும் தூக்கம். அவரு மட்டும் ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தாரு.

ஞாயித்துக்கிழமை நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தல. திங்கக்கிழமை காலையில வேன் ஏறினேன். என் சந்துக்குள்ள நுழைஞ்சப்போ என் மிஷின்ல ஒரு சின்னப்பிள்ளை நின்னுக்கிட்டிருந்தா, என்னைப் பார்த்ததும் ஒதுங்கினா. அவ மேல எனக்குக் கோபமில்ல. நான் நடக்க ஆரம்பிச்சேன். முன்ன மாதிரி விரசா இல்ல. ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு ஒரே சீரா நடந்தேன், ஓடல. கண்டு மாத்துறதுக்குக் கையைத் தூக்கும்போது மறுகையால முழங்கையைத் தாங்கிக்கிட்டேன். நூல் நிறைஞ்சு மிஷின் நிக்கும்போது, நூல் சுத்தின கட்டையை வேற ஆளுங்க எடுத்துட்டு வெறுங்கட்டை போடுற அஞ்சு நிமிஷம் எங்களுக்கு வேலை கிடையாது. மத்தவங்க அந்த நேரத்துல மிஷினைத் துடைப்பாங்க, நின்னு பேசுவாங்க. நான் அந்த அஞ்சு நிமிஷமும் தரையில உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் பார்த்தாரு. பார்க்கட்டும்னு காலை நல்லா நீட்டிக்கிட்டேன். மிஷின் கிளம்புற சத்தம் கேட்டதும் எந்திரிச்சேன். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சேன். ரெண்டு மணிக்குச் சங்கு ஊதினப்போ என் ரெண்டு பக்கமும் நூல் ஓடிக்கிட்டிருந்துச்சு.

“மிஷின் உங்களுக்குத்தான்க்கா” அப்படின்னாரு சூப்பர்வைசர்.

“அது எனக்குத் தெரியும் சார். எனக்கு வார லீவை ஞாயித்துக்கிழமையில இருந்து புதன்கிழமைக்கு மாத்திக் கொடுங்க.”

“புதன்கிழமை என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் படுத்திருப்பேன்.”

இன்னும் வராத சோர்வுக்கு இப்பவே லீவா அக்கான்னு சிரிச்சாரு. ஆமா சார், அது எனக்குச் சொல்லிட்டுத்தான் வருதுன்னேன். மாத்திக் கொடுத்தாரு.

சொன்ன மாதிரியே புதன்கிழமை வந்து அடிச்சுது. காலையில எந்திரிச்சு முகம் கழுவினதோட சரி. வீட்டுக்காரர் இட்லி வாங்கி வச்சுட்டுப் போயிட்டாரு. முன்னறையில ஃபேனுக்குக் கீழ பாயை விரிச்சுப் படுத்துட்டேன். பதினோரு மணி இருக்கும், வன்னியம்பட்டியில இருந்து மதினி வந்தாவ. தோட்டத்துல ரெண்டு நாள் வேலையாம், முகமே வெளுத்துக் கிடந்துச்சு. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவிய படுக்கப் போகும்போது பழக்கதோஷத்துல தெருக்கதவைச் சாத்த எந்திரிச்சாவ.

“கதவு திறந்தே கிடக்கட்டும் மதினி” அப்படின்னேன்.

“யாராச்சும் பார்த்தா?”

“பார்க்கட்டும்.”

கொஞ்ச நேரம் நின்னாவ. பொறவு கதவை அப்படியே விட்டுட்டு வந்து என் பக்கத்துல படுத்தாவ. வெயில் உள்ள வந்து எங்க காலு மேல விழுந்துச்சு. தெருவுல போற வர்ற எல்லாருக்கும் நாங்க தெரிஞ்சோம். எதிர்வீட்டு அக்கா காய்கறி வாங்கிட்டு வந்தவிய, நின்னு எட்டிப் பார்த்தாவ. காலடிச் சத்தம் கேட்டதும் மதினி கை தரையில ஊனுச்சு, எந்திரிக்கிறதுக்கு. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

“என்னட்டி, பட்டப்பகல்ல ரெண்டு பேரும்? அதான் சரியாயிருச்சே” அப்படின்னாவ எதிர்வீட்டு அக்கா.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்கு முந்தி மதினி, படுத்த படுக்கையா, கண்ணைக்கூடத் திறக்காம சொன்னாவ.

“இல்லக்கா. எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் சரியாகல.”